மருமகன் வண்டியில் எரியும் மஞ்சள் விளக்கு

மயிலாடி,
9.9.2017

கர்த்தருக்குள் பிரியத்துக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் லிபின் அவர்களுக்கு,

மாமனார் ஏசுஅடிமை எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் மாமி ராகேலும், ஐந்து கோழிகளும், பெபிஷா நட்டுவிட்டுப் போன ரோஜாச் செடியும் சுகம். அங்கே மஸ்கட்டில் நீங்களும் பெபிஷாவும் பேரன் ஸ்டெனியும் எங்களைவிட அதிக சுகத்தோடு இருக்க இரண்டு நேரமும் ஜெபிக்கிறோம். சுகமில்லாமல் இருப்பது உங்கள் மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். அதன் நிமித்தமே இந்தக் கடிதம்.

போனில் சொல்லக்கூடாதா என்று நீங்கள் நினைக்கலாம். முப்பத்தாறு வருஷம் தபால் இலாகாவில் இருந்து, சப் போஸ்ட்மாஸ்டராய் ஓய்வு பெற்றவனுக்குக் கடிதம் என்றால்தான் வார்த்தை ஒழுங்காய் வரும். போனில் நீங்கள் ‘சொல்லுங்க மாமா’ என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. நடுவில் ஸ்டெனி போனைப் பிடுங்கிக் கோழியைக் காட்டச் சொல்கிறான். நான் கோழியைத் துரத்திப் பிடித்துக் காட்டி முடிப்பதற்குள் உங்களுக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது. போன வாரமும் அப்படித்தான். உங்கள் சிநேகிதர் ஆன்ட்ரூஸ் இந்த மாதம் 28-ஆம் தேதி தக்கலையிலிருந்து வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவார், விலை பேசியாயிற்று என்று நீங்கள் சொன்னீர்கள். நான் ‘சரி மருமகனே’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சரியில்லை என்று தோன்றியது. வண்டியை இப்போதைக்கு விற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். காரணம், வண்டியில் ஒரு கோளாறு இருக்கிறது. கோளாறு உள்ள சாமானைச் சிநேகிதன் தலையில் கட்டுவது முறையல்ல. இந்தக் கடிதம் உங்கள் மாமிக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நடந்ததை வரிசையாய்ச் சொல்கிறேன். ஜனவரியில் லீவு முடிந்து புறப்படும்போது, தக்கலை வீட்டில் ஷெட் இல்லாததால் வண்டியை எங்கள் முற்றத்தில் கொண்டுவந்து விட்டீர்கள். விட்டதோடு நிற்காமல், இரண்டு டயரிலும் காற்றுமூடியைக் கழற்றிவிட்டு, மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த தடித்த கருப்பு மூடிகளைத் திருகினீர்கள். கைப்பிடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டியை மாட்டினீர்கள். “மாமா, இனி குனிஞ்சு டயரை அமுக்கிப் பாக்கண்டாம். முன்னால இருபத்தெட்டு, பின்னால முப்பத்திரெண்டு. காத்து கொறஞ்சா இது தானே சொல்லும்” என்றீர்கள். அப்புறம், “வாரத்துல ஒருநாள் ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிசம் நிறுத்தினா போரும். ரோட்டுல எறக்கண்டாம் மாமா, உங்களுக்குப் பழக்கம் இல்லல்லா” என்றும் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். மருமகனுக்கு மாமனார் தலையாட்டிவிட்டால் அது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதற்குச் சமம். வண்டியை நான் ரோட்டில் இறக்குவதில்லை என்ற அந்த வாக்கை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன் என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலையில் வண்டியின் உறையை நீக்கிப் பார்த்தால் பெட்டியில் மஞ்சள் விளக்கு ஒன்று மினுக்மினுக்கென்று எரிகிறது. பக்கத்தில் பேட்டரி மாதிரி ஒரு குட்டிப்படம். பின்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு காட்ட வேண்டிய இடத்தில் வெறும் இரண்டு கோடு. நம்பர் இல்லை என்றால் காற்று இல்லை என்றுதானே அர்த்தம். எனக்குப் பதறிவிட்டது. மருமகன் ஒப்படைத்த வண்டி, எட்டு மாதத்தில் காற்றுப்போய் நிற்கிறது. உங்கள் மாமி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “டயரு கல்லு மாதிரி இருக்கே. தெர்மாமீட்டரு காட்டலன்னா காய்ச்சல்காரிக்கா கோளாறு? தெர்மாமீட்டரைப் பாருங்க” என்றாள். முப்பது வருஷம் கிராம சுகாதார நர்ஸாய் இருந்தவள் எல்லாவற்றையும் தெர்மாமீட்டரில் கொண்டுபோய்த்தான் முடிப்பாள் என்று நான் அதைக் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்.

வண்டியைக் கொட்டாரம் முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஜான்ரோஸிடம் கொண்டுபோனோம். ஓட்டிக்கொண்டு அல்ல, தள்ளிக்கொண்டு. ஐந்து கிலோமீட்டர்தானே. ஜான்ரோஸ் தன் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “முப்பத்திரெண்டு கரெக்டா இருக்கு சார். எதுக்கு வெறுதே அலையுதிய?” என்றான். பெட்டியைக் காட்டினேன். அதில் விளக்கு எரிகிறது, இவன் மீட்டர் சரி என்கிறது. வெளிநாட்டுப் பெட்டியை நம்புவதா, ஜான்ரோஸை நம்புவதா. “கொஞ்சம் கூடுதலா அடிச்சிரு” என்றேன். அடித்தான். விளக்கு போகவில்லை. மறுநாள் போய் இன்னும் கொஞ்சம் அடிக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் போனபோது அவன் காற்றுக்குழாயைக் கையில் எடுக்கவே மாட்டேன் என்றான். “இதுக்கு மேல அடிச்சா டயரு வெடிச்சு நீங்களும் நானும் பேப்பர்ல வருவோம். உங்க மேல ஆணையா, வீட்டுக்குப் போங்க சார்” என்று கையெடுத்துக் கும்பிட்டான். திரும்பி வருகையில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டி துள்ளிய துள்ளலில் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் தைலம் போட வேண்டியதாயிற்று. தள்ளிக்கொண்டு வருகிறவனுக்கு வேகத்தடையில் இடுப்பு எப்படிப் பிடிக்கும் என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கேள்விதான். இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்து, படத்தில் இருப்பது பேட்டரி ஆயிற்றே என்று யோசித்து வண்டியின் பேட்டரியையே மாற்றினேன். கடைக்காரர் பழைய பேட்டரியைச் சோதித்துவிட்டு, இது நல்லாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு வருசம் வரும் என்று நேர்மையாகச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. மருமகன் வண்டி, எதற்கு வம்பு, புதிதாகவே போடும் என்று சொல்லிவிட்டேன். புதுப் பேட்டரி போட்டதும் ஹாரன் முன்னைவிடக் கணீரென்று அடித்தது. ஹெட்லைட் பளீரென்று எரிந்தது. கூடவே அந்த மஞ்சள் விளக்கும் பளீரென்று எரிந்தது. பழைய பேட்டரியை இப்போது கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். கீரி வருவது நின்றிருக்கிறது. அந்த வகையில் நஷ்டமில்லை.

இதற்குள் அந்தப் பெட்டி விளக்கு எரிவதோடு நில்லாமல், நினைத்த நேரத்தில் பீப் பீப்பென்று சத்தம் போடவும் ஆரம்பித்தது. விலையுயர்ந்த சாமான், எவனாவது உருவிக்கொண்டு போய்விடுவான் என்று வண்டியை எங்கே நிறுத்தினாலும் பெட்டியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது என் வழக்கம். போன ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் இரண்டாவது ஆராதனை. வண்டி வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறது. (வண்டி கோயிலுக்கு எப்படி வந்தது என்பதையும் அந்த இடுப்புக் கேள்வியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.) போதகர் ஐயா, பாவ அறிக்கைக்கு முன்னால் அவரவர் மனசாட்சியை ஒரு நிமிஷம் அமைதியாய்ச் சோதித்துப் பார்ப்போம் என்றார். சபை முழுக்க ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்போது என் நெஞ்சுக்குள்ளிருந்து பீப், பீப், பீப். அடங்கவில்லை. நான் மார்பைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு பேர் விசிறினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் மாமி எழுந்து ஓடிவந்து, நாடி பார்ப்பதற்காக என் கையைப் பிடித்து, சட்டைப்பையில் மினுங்குகிற மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுக் கையை அப்படியே உதறினாள். போதகர் ஐயா வாசலில் கைகுலுக்கும்போது, “ஐயா, உங்க பாவம் ரொம்பச் சத்தமா இருக்கே” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மத்தியானம் நானே ஒரு முடிவுக்கு வந்தேன். முப்பத்தாறு வருஷம் தராசும் முத்திரையும் கையாண்டவனுக்கு ஒரு மூடியைத் திறக்கத் தெரியாதா. பின்சக்கரத்துக் கருப்பு மூடியைக் கழற்றி, திருப்புளியும் குறடும் வைத்துத் திருகித் திறந்தால், உள்ளே சின்னதாய், வட்டமாய், சட்டைப் பித்தான் போல ஒரு பேட்டரி. அப்போதுதான் எனக்கு விளங்கியது. காற்றும் குறையவில்லை, வண்டி பேட்டரியும் குறையவில்லை. காற்றை அளக்கிற மூடிக்குள் இருக்கிற பேட்டரி தீர்ந்துவிட்டதைத்தான் அந்த மஞ்சள் விளக்கு ஒரு மாதமாய்ச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதாவது, தெர்மாமீட்டர்தான் கோளாறு. இதை உங்கள் மாமியிடம் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

இதே மாதிரி வட்டப் பேட்டரி ஒன்றை வீட்டில் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தேடி, உங்கள் மாமி சர்க்கரை பார்க்கும் மிஷினிலிருந்து எடுத்தேன். எடுத்துப் போட்டுப் பார்த்தால் அது பெரிதாக இருந்தது, மூடிக்குள் அடங்கவில்லை. சரி, போகட்டும் என்று பழையதையே வைத்து மூடித் திருகிவிட்டேன். கடைசியில் ஒரு குட்டி ரப்பர் வளையம் மிச்சம் வந்தது. எதைக் கழற்றி மாட்டினாலும் எனக்கு ஒரு சாமான் மிச்சம் வருவது வழக்கம்தான். அதைச் சட்டைப்பையில் போட்டேன். மிஷின் பேட்டரியும் அதே பையில்தான் கிடந்தது. பத்திரமாய் எடுத்து வைக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் காலை தேவகனி வீட்டுக்கு அரை கிலோமீட்டர் இருக்கையில், பாசனச் சானல் கரையில், பின்டயர் சுத்தமாய்க் காற்றுப்போய் வண்டி உட்கார்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க, ரப்பர் வளையம் இல்லாத அந்த மூடி வழியாய்க் கசிந்திருக்கிறது. உண்மையாகவே காற்றுப்போன அன்றைக்கு அந்தப் பெட்டி ஒரு வார்த்தை பேசவில்லை, மூடிப் பேட்டரிக்கு உயிர் இருந்தால்தானே பேசும். வண்டியை அங்கேயே சாய்த்துவிட்டு வயல் வரப்பு வழியாய் இரண்டு பேருமாய் நடந்து தேவகனி வீட்டுக்குப் போனால், உங்கள் மாமி மருந்துப் பெட்டியைத் திறந்து சர்க்கரை மிஷினை அமுக்குகிறாள், அமுக்குகிறாள், மிஷின் கண்ணைத் திறக்கவில்லை. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சட்டைப்பையிலிருந்து பேட்டரியை எடுத்து நீட்டினேன். கூடவே ரப்பர் வளையமும் வந்தது. அவள் அதை வாங்கி மிஷினில் போட்டாள். தேவகனிதான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, “அக்கா, அண்ணனுக்கு ஒரு ஊசி போட்டு விடுங்க” என்றாள்.

தேவகனியை உங்களுக்குத் தெரியாது. உங்கள் மாமி வேலையில் இருந்தபோது தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருபது வருஷம் கூடவே நடந்தவள். இப்போது கொட்டாரத்துக்கு அப்பால், சானல் கரை முடிகிற இடத்தில் வயலுக்கு நடுவே தனியாய் இருக்கிறாள். சர்க்கரைப் புண். வலது கால் பாதத்தில். ஆஸ்பத்திரியில் ஏப்ரலில் பார்த்தவர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் சுத்தம் பண்ணிக் கட்டு மாற்றினால் தப்பும், விட்டால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கரையில் பஸ் கிடையாது, ஆட்டோக்காரர்கள் இறங்க மாட்டேன் என்கிறார்கள், அவளால் நடந்து வரவும் முடியாது. ஜூன் வரைக்கும் உங்கள் மாமி தன்னுடைய பழைய மொபெட்டில் போய்வந்தாள். ஜூனில் அதன் எஞ்சின் ஒரேயடியாய் நின்றுவிட்டது. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது இதற்குள் உங்களுக்கு விளங்கியிருக்கும்.

இருந்தாலும் முழுவதும் சொல்லிவிடுகிறேன். டயரைச் சரிசெய்த பிறகு நாகர்கோவிலில் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் சகாயசெல்வி என்கிற பெண்ணிடம் போனோம். அவள் மூடியை வாங்கி ஒரு நிமிஷத்தில் திறந்தாள். “பேட்டரி தீந்துட்டு. 1632-னு நம்பர். இப்பம் ஸ்டாக் இல்ல, வரணும்” என்றாள். எட்டே மாதத்தில் தீருமா, இந்தச் சாமான் ரெண்டு வருசம் உழைக்கும் என்று மருமகன் சொன்னாரே என்று நான் சண்டைக்குப் போனேன். அவள் நிதானமாய், “நிறுத்திப்போட்ட வண்டிக்குத்தான் ரெண்டு வருசம். சக்கரம் உருண்டாத்தான் இது முழிக்கும், இல்லன்னா உறங்கிட்டுக் கெடக்கும். இது உறங்கவே இல்ல போலிருக்கே. வண்டி நல்ல ஓட்டமோ?” என்றாள். கிலோமீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, “யாரு ஓட்டுதா?” என்று கேட்டாள். நான் உடனே “நான்தான்” என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், உங்கள் மாமியைப் பார்த்தாள், மூடியைக் காகிதத்தில் மடித்துத் தந்தாள்.

ஆகவே மருமகனே, மேலே நான் வாக்கைக் காப்பாற்றியதாக எழுதியது பொய். வண்டியை ஓட்டினேன். ஜூன் மாதத்திலிருந்து ஓட்டுகிறேன். நீங்கள் கொடுத்துவிட்டுப் போனபோது இருந்ததைவிட ஆயிரத்து நூறு கிலோமீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது. ஓட்டியது நான், நான் மட்டும்தான். உங்கள் மாமி பின்னால் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். சீட்டை ஒரு அங்குலம் இறக்கியிருப்பதும் என் வசதிக்காகத்தான். வயதானால் ஆள் சற்றுக் குள்ளமாகிவிடுவது இயற்கை.

தேவகனி காலுக்காக மட்டும்தான் ஓட்டினேன் என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய்தான். ஜூன் முதல் வாரம் பெபிஷாவும் ஸ்டெனியும் உங்களிடம் வந்த பிறகு வீடு என்னமோபோல் ஆகிவிட்டது. உங்கள் மாமி பத்துப் பன்னிரண்டு நாள் சரியாய்ப் பேசவில்லை. சாப்பாட்டுக்கு ஸ்டெனியின் பூப்போட்ட தட்டையும் சேர்த்து எடுத்து வைப்பாள், பிறகு அதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது. அந்த நேரத்தில் மொபெட்டும் போயிற்று. வண்டி முற்றத்தில் நின்றது. முதல் நாள் கொட்டாரம் வயல்களுக்கு நடுவே போகும்போது அவள் சத்தமாய்ச் சிரித்தாள். எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. ஜூலையில் ஒருநாள் சிதறால் வரைக்கும் போனோம். மார்த்தாண்டம் தாண்டி அவ்வளவு தூரம். மலையில் ஏறிப் பாறையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டோம். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போனது அதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் கல்யாண வீடு, இல்லையென்றால் அடக்க ஆராதனை.

மருமகனிடம் ஒரு காரியம் கேட்பது மாமனாருக்கு அழகல்ல என்று தெரியும். கல்யாணப் பேச்சிலிருந்து இன்றுவரை உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். வண்டியைத் தேவகனி கால் ஆறுகிற வரைக்காவது விற்காதீர்கள். புண் நாலில் ஒரு பங்காய்ச் சுருங்கியிருக்கிறது, கிறிஸ்துமஸுக்குள் ஆறிவிடும் என்று உங்கள் மாமி சொல்கிறாள். இதில் குற்றம் முழுக்க என்னுடையது. அவள் எத்தனையோ தடவை மருமகனிடம் சொல்லிவிடுவோம் என்றாள், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன். உங்களுக்குக் கோபம் வந்தால் என்மேல் மட்டும் கோபப்படுங்கள். பெபிஷாவைக் கோபிக்க வேண்டாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஏழு நாளில் சேர வேண்டும், பத்து நாள் ஆனாலும் 28-ஆம் தேதிக்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும். முடிந்தால் அந்த 1632 பேட்டரி அங்கே கிடைக்குமா என்று பாருங்கள்.

வேறு விசேஷம் இல்லை. மழை கொஞ்சம் பெய்தது. பெபிஷாவுக்கு அப்பாவின் அன்பும், ஸ்டெனிக்கு முத்தமும் சொல்லுங்கள். கறுப்புப் பெட்டை அடைகாக்கிறது என்றும் அவனிடம் சொல்லுங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காத்து, உங்கள் மூவரையும் குறைவில்லாமல் நடத்துவாராக.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்,
ஏசுஅடிமை

பின்குறிப்பு:

மருமோன் லிபினுக்கு மாமி ராகேல் எழுதுறது. இந்தக் கடிதத்தை எனக்குத் தெரியாம ஒளிச்சு வைக்க உங்க மாமாவுக்கு வீட்டுல வேற எடமே கிடைக்கல, என் மருந்துப் பெட்டியில பஞ்சுக்கு அடியில வச்சிருக்காவ. கவர் ஒட்டல. ஒக்காந்து ஒரே மூச்சில வாசிச்சேன்.

மக்கா, பத்மநாபபுரத்துல வேலை பாத்த காலத்துல ஒம்பதாம் மாசம் உனக்கு அம்மைத் தடுப்பூசி போட்டவ நான். அன்னைக்கு நீ என் கையைக் கடிச்ச. அந்த உரிமையில நெசத்தைச் சொல்லுதேன். உங்க மாமா வண்டி ஓட்டல. ரோட்டுல எறக்கலன்னு மொதல்ல எழுதி, பொறவு பொய்யின்னு எழுதியிருக்காவ பாரு, மொதல்ல எழுதினதுதான் நெசம். 1991-ல என் மொபெட்டை எடுத்துட்டுப் போய் கொளத்துல விட்ட அன்னைக்கு ஹேண்டில்ல இருந்து கையை எடுத்தாவ, அதுக்குப் பொறவு ஒரு வண்டியையும் தொட்டது இல்ல. ஓட்டுனது நான். ஜான்ரோஸ்தான் பள்ளிக்கூடத்து மைதானத்துல வச்சு மூணு நாள்ல கியர் போடச் சொல்லித் தந்தான். லைசன்ஸும் எடுத்தாச்சு. சேலை சக்கரத்துல மாட்டும்னு பெபிஷா விட்டுட்டுப் போன சுடிதாரைப் போட்டுட்டு ஓட்டுதேன். சீட்டை எறக்குனதும் எனக்குக் கால் எட்டத்தான்.

மருந்துப் பெட்டியை மடியில வச்சிட்டுப் பின்னால இருக்கிறது அவிய. கொட்டாரம் வரைக்கும் ‘பிரேக்கு, பிரேக்கு’ன்னு சொல்லிட்டே வருவாவ. மொத நாள் வயலுக்கு நடுவுல நான் சிரிச்சது அதைக் கேட்டுத்தான். சிதறாலுக்குப் போனப்ப மார்த்தாண்டம் வரைக்கும் சத்தமா ஜெபம் பண்ணிட்டே வந்தாவ. ‘சம்மந்தக்காரி மோட்டார்சைக்கிள் ஓட்டுதா’ன்னு உங்க வீட்டுல என்னை யாரும் கொறைச்சுப் பேசிரக் கூடாதுன்னு எல்லாத்தையும் தன் தலையில போட்டு எழுதியிருக்காவ. வேற ஒருத்தரு என்ன நெனைச்சாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இவிய இப்படி நெனைச்சிருக்காவளேன்னு வாசிச்சு முடிக்கும்போ எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு.

28-ஆம் தேதி தேவகனிக்குக் கட்டு மாத்துற நாள். ஆன்ட்ரூஸ் அன்னைக்கு வந்தா முற்றத்துல வண்டி நிக்காது, அதை அவன்கிட்ட சொல்லிரு. 1632 பேட்டரி நாலு கொடுத்து விடு. ரப்பர் வளையமும் ரெண்டு வேணும்.

இன்னும் ஒண்ணு. முப்பத்தாறு வருசம் ஊரு உலகத்துக் கடிதத்தை எல்லாம் வீடுவீடாச் சேர்த்த மனுசன், எனக்குன்னு ஒரு காகிதம் எழுதினது இல்ல. மொத தடவையா எழுதியிருக்காவ, அதுவும் உன் பேருக்கு. வாசிச்சு முடிச்சதும் இதைக் கிழிச்சுப் போட்டுராத மக்கா, மடிச்சு எனக்கே திருப்பி அனுப்பு. இது எனக்குள்ளது.